பெரிய திரை, சிறிய செலவு

தாராவியில் தோல்பை வடிவமைப்போர், மாட்டுங்காவில் கணக்கெழுதுவோர், செம்பூரில் வீட்டிலிருந்தே பணிபுரிவோர் எனப் பலரும் ஒரு பெரிய திரையை நான்காகப் பிரித்துப் பயன்படுத்த விரும்புகின்றனர். அதற்கான கிராஃபிக்ஸ் கார்டு வாங்க லேமிங்டன் சாலைக்குப் புறப்படுமுன், தேவையைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

4கே திரையில் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. நான்கு முழு எச்டி திரைகளை அடுக்கியதற்கு இது சமம். ஆயினும் கணக்கேடும் மின்னஞ்சலும் பெரும்பாலும் அசையாதவை; அவற்றைக் காட்ட மிகுந்த ஆற்றல் வேண்டியதில்லை. விலையுயர்ந்த கார்டு, விளையாட்டுக்கும் முப்பரிமாணப் பணிக்குமே உரியது.

நாம் முதலில் கவனிக்க வேண்டியது இணைப்பு முனையை. எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 முறையே புதுப்பிக்கப்படும்; சுட்டி தயங்கித் தயங்கி நகரும், கண் சோரும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 எனில் 60 முறை. கார்டு, கேபிள், திரை ஆகிய மூன்றும் இதற்கு ஏற்றவையாக இருத்தல் அவசியம். பல கணினிகளில் இவ்வசதி ஏற்கெனவே அமைந்திருக்கும். அங்கே புதிய கார்டே தேவையில்லை.

சிறுதொழில் புரிவோர் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம். எனினும், பயன்படாத ஆற்றலுக்கும் மாதந்தோறும் தவணை கட்டியே ஆக வேண்டும். மிச்சப்படும் தொகை தோலும் நூலும் வாங்க உதவட்டும்.