விக்டோரியா மண்டபத்தில் இசை கேட்டல்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தருகே, எம்பிரஸ் பிளேஸில், நடுவே உயர்ந்த மணிக்கூண்டும் இருமருங்கும் இரு வெண்ணிற மாளிகைகளுமாக நிற்கும் கட்டடத்தைக் கண்டிராத அன்பர்கள் நம்முள் சிலரே இருப்பர். ஆயினும் அதனுள் அமர்ந்து இசை கேட்டவர் எத்துணைப் பேர்? வாயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரே மிகுதி. பழங்கட்டடம் என்றால் கண்ணால் காண்பதற்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இசையரங்கு ஒன்றைப் பழுது பார்த்துப் புதுப்பிப்போர் சுவரையும் தூணையும் சீர்ப்படுத்துவதோடு, அச்சுவர்களுக்கிடையே ஓசை நடமாடும் முறையையும் சீர்ப்படுத்துகின்றனர். அதனைக் காதால்தான் அறிதல் கூடும். அஃது எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இம்மாளிகை ஒரே காலத்தில் எழுந்ததன்று. 1855-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862-இல் நிறைவுற்ற நகர மண்டபமே இரண்டனுள் மூத்தது. விக்டோரியா அரசியார் 1901-இல் மறைந்த பின்னர், அவர் நினைவாக அதன் பக்கத்தே மற்றொரு மண்டபம் எழுப்பத் துணிந்தனர். சுவான் அண்டு மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த பிட்வெல் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி அமைந்த அந்த நினைவு மண்டபம் 1905 அக்டோபர் 18-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன்பின் பழைய நகர மண்டபத்தின் முகப்பையும் புதியதற்கு ஒப்ப மாற்றி, 54 மீட்டர் உயர மணிக்கூண்டை இடையே நிறுத்தி, மூத்த கட்டடத்தை 1909-இல் நாடக அரங்காக்கினர். இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் நாற்பதாண்டுக்கு மேல் இடைவெளி உடைய உடன்பிறப்புகள். மூத்தது இளையதன் ஆடையை வாங்கி உடுத்திக்கொண்டது எனலாம்.

ஆடலும் பாடலும் மட்டுமே அங்கு நிகழ்ந்தன என்று எண்ணற்க. சப்பானியர் படையெடுப்பின்போது குண்டடி பட்டோருக்கு அது மருத்துவமனையாயிற்று. போர் முடிந்தபின், சீன மக்களைக் கூட்டங் கூட்டமாகக் கொன்ற கொடுமைக்குப் பொறுப்பாளரான படைத்தலைவர்கள்மீது 1947-இல் வழக்கு நடந்ததும் அந்த நினைவு மண்டபத்தில்தான். 1954 நவம்பர் 21-இல் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பெற்றதும் அங்கேயே. நாடக அரங்கோ 1950-களில் உட்புறம் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டு, 1958-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அத்திறப்புக்கென நகராண்மைக் கழகத்தார் சுபிர் சயித் என்னும் இசைப்புலவரைக் கொண்டு ஒரு பாடல் இயற்றுவித்தனர். 1958 செப்டம்பர் 6-ஆம் நாள் அரங்கேறிய ‘மாஜுலா சிங்கப்பூரா’ என்னும் அப்பாடலே மறு ஆண்டில் சிங்கப்பூரின் நாட்டுப்பண் ஆயிற்று. ஓர் அரங்கைப் புதுப்பித்த விழாவிலே ஒரு நாட்டுப்பண் பிறந்தது என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். சிங்கப்பூர்ப் பாடநூல்களில் இச்செய்தி உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ நாமே சொன்னாலன்றித் தெரிய வழியில்லை.

இனி ஓசைக்கு வருவோம்.

திறந்த வெளியில் ஒருவர் பாடினால், பாட்டு நம்மைக் கடந்து போய்விடும், திரும்பி வராது. நான்கு சுவருக்குள் பாடினாலோ, நேரே வரும் ஓசை முதலிலும், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஓசைகள் அடுத்தடுத்தும் காதை அடைகின்றன. ஓசை நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், இவ்வரவுகள் மிக நெருங்கியே அமையும். தனித்தனி எதிரொலியாகக் கேளாமல், ஒன்றன்மேல் ஒன்று படிந்து மெல்லத் தேய்ந்து மறையும். இதனையே எதிர்முழக்கம் என்கிறோம். பாடல் நின்ற பின்பும் ஓசை மண்டபத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே அரங்கின் குணத்தை உறுதி செய்யும் முதற் கூறு. ஓசையின் ஆற்றல் பத்திலட்சத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கு ஆகும் நேரத்தை எதிர்முழக்கக் காலம் என அறிவியலார் வரையறுப்பர்.

இதனை அளந்து கண்டவர் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துச் சேபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர். அங்குப் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. அதற்குத் தீர்வு காணும் பொறுப்பு 1895-இல் சேபினிடம் வந்தது. அவர் ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கச் செய்து நிறுத்தி, ஓசை அடங்கும்வரை காலத்தைக் கணித்தார். வெற்று மண்டபத்தில் ஐந்தரை நொடி! முன் சொன்ன சொல் அடங்குமுன் அடுத்துப் பத்துச் சொல் வந்து சேர்ந்தால் மாணவன் எதைத்தான் கேட்பான்? பின்னர்ப் பக்கத்து நாடக மண்டபத்திலிருந்து நாற்காலி மெத்தைகளை இரவோடு இரவாகக் கொணர்ந்து பரப்பினார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. விடியுமுன் அவற்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். பொருளில்லாப் பள்ளியில் அறிவியல் கற்பிக்க முடியாது என்று புலம்புவோர் இந்த மெத்தைகளை நினைத்துக்கொள்ளலாம்.

அவ்வாராய்ச்சியின் பயன் ஆறாம் ஆண்டு மாணவனும் போடத்தக்க ஓர் எளிய கணக்கு. மண்டபத்தின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, ஓசையை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், எதிர்முழக்கக் காலம் நொடிக்கணக்கில் கிடைக்கும். உறிஞ்சும் பரப்புக்குச் சேபின் கொண்ட அளவுகோல் திறந்த சன்னல்; அதன் வழியே வெளியேறிய ஓசை மீளாதன்றோ? ஆடையணிந்து அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர், அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஏறத்தாழ ஒப்பாவார். 8,000 கன மீட்டர் கொண்ட ஒரு மண்டபத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். உறிஞ்சும் பரப்பு 800 சதுர மீட்டர் எனின் முழக்கம் 1.6 நொடி. 200 பேரைக் குறைத்தால் பரப்பு 700 ஆகும், முழக்கம் 1.8 நொடிக்கு மேல் உயரும். கூட்டம் மிகுந்தால் வருவாய் மிகும், இசை வற்றும் என்பது இதனால் பெறப்படும்.

பேச்சுக்கு ஏற்றது இசைக்கு ஏலாது என்பது அடுத்து அறிய வேண்டுவது. உரையாடல் தெளிவாக விளங்க எதிர்முழக்கம் ஒரு நொடி அளவில் இருத்தல் நன்று. பல கருவிகள் கூடி ஒலிக்கும் மேனாட்டு இசைக்கோ, ஏறத்தாழ இரண்டு நொடி வேண்டும். அன்றேல் வயலின் ஓசை உலர்ந்து, துண்டு துண்டாகக் கேட்கும். வயலின் நான்கைந்து மட்டும் கூடும் சிற்றிசைக்கு ஒன்றரை நொடி போதும். எனவே நாடகத்துக்கு ஒன்றும் இசைக்கு ஒன்றுமாக இரண்டு மண்டபங்கள் அருகருகே அமைந்திருப்பது விக்டோரியா மாளிகையின் பேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மண்டபம் என்று கட்டிவிட்டு, ஒலிபெருக்கியால் ஈடுகட்டும் வழக்கம் நம் நாட்டில் பெரிதும் உண்டு. நாகசுரத்துக்குக் கூட ஒலிவாங்கி வைக்கிறோம். கோயில் வீதிக்கென அமைந்த அக்கருவிக்கு மூடிய மண்டபத்தில் அஃது எதற்கு? வீணையின் மெல்லோசையோ சிறு கூடத்துக்கு உரியது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் செலுத்தி ஒரே உரப்பாக வெளியே விடுகிறோம். பெருக்கா இசையை ஒருமுறையேனும் கேளாத பிள்ளைக்கு இவற்றின் வேறுபாட்டைச் சொல்லால் எவ்வாறு விளக்குவது?

சிங்கப்பூர்ச் சிம்பொனி இசைக்குழு 1979-இல் தோன்றியது. நினைவு மண்டபத்தைத் திருத்தி அவர்களுக்கு இல்லமாக்கி, 1980-இல் விக்டோரியா இசை மண்டபம் எனப் பெயரிட்டனர். மிகுதியான பேர் அமரும் பொருட்டு மாடத்தை முன்னோக்கி நீட்டினர். இங்குதான் இடர் விளைந்தது. மாடத்தின் அடியில் ஆழ்ந்து அமர்ந்திருப்பவருக்கு மேடையிலிருந்து நேரே வரும் ஓசை கிட்டும். கூரையிலிருந்து இறங்கும் முழக்கம் கிட்டாது. குடை பிடித்துக்கொண்டு மழையில் நனைய முயல்வதைப் போன்றது அது. மாடத்தடியின் ஆழம் அதன் வாயில் உயரத்தை விஞ்சலாகாது என்பது இசை மண்டபங்களுக்கு வல்லார் கூறும் பொது விதி.

2002-இல் எஸ்பிளனேட் அரங்கு திறக்கப்பட்டதும் சிம்பொனிக் குழுவினர் அங்குக் குடியேறினர். பழைய மாளிகை 2010-இல் மூடப்பட்டு, நான்காண்டு வேலைக்குப் பின் 2014 சூலையில் மீண்டும் திறந்தது. நீண்டிருந்த மாடத்தைப் பின்னுக்கு இழுத்து, 1905-ஆம் ஆண்டு வடிவுக்கு நெருக்கமாக்கினர். சன்னல்களின் வழியே மீண்டும் பகலொளி வந்தது. எண்ணூற்றுக்கு மேல் இருந்த இருக்கைகள் 673 ஆயின. நாடக அரங்கில் ஏறத்தாழ 900 ஆக இருந்தவை 614 ஆயின. இருக்கையைக் குறைப்பதற்கா இத்துணைப் பொருட்செலவு என்று கேட்போர் உளர். மேற்காட்டிய கணக்கே அவர்களுக்கு விடை. ஆயினும் அவர்கள் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு: இருக்கை குறையுமிடத்து அனுமதிச் சீட்டின் விலை ஏறாமல் காப்பது யார் பொறுப்பு? இசையின் தூய்மைக்காகக் குறைத்த இடங்களால் எளியோர் விலக்கப்படுவாராயின் அது நல்ல கணக்கன்று.

இன்னொரு வினாவும் உண்டு. பழமையைக் காத்தல் என்றால் எந்த ஆண்டின் பழமையை? இசை மண்டபத்தில் 1905-இன் வடிவை நோக்கித் திரும்பினார்கள். நாடக அரங்கிலோ, 1950-களில் மாற்றிய உட்புறம் முழுதும் அகற்றப்பட்டு, பழைய புறச்சுவர்களுக்குள் புதியதோர் அரங்கு எழுந்தது. கழற்றிய பழைய நாற்காலிகளின் பகுதிகள் சுவரில் பதிக்கப்பெற்றுப் புதுப்பயன் பெற்றுள்ளன. ஆனால் நாட்டுப்பண் முதன்முதல் ஒலித்த அந்த உள்ளறை இன்று இல்லை. இதனை மறைத்து, எல்லாம் அன்றிருந்தவாறே உள என்று மாணவரிடம் கூறலாகாது. நாடக அரங்கைப் பொறுத்தவரை ‘புதுப்பித்தல்’ என்பதைவிடப் ‘பழைய கூட்டில் புதிய அரங்கு’ என்பதே உண்மை என்பது என் கருத்து. அதனால் அஃது இழிந்தது என்றும் ஆகாது; நடிகரின் குரல் கடைசி வரிசைக்குத் தெளிவாக எட்டுவதே நாடக அரங்கின் அறம்.

இசை மண்டபத்திற்குச் செல்வோர் அரைமணி நேரம் முன்னதாகச் சென்று சுவரையும் கூரையையும் நோக்குக. புடைப்புச் சுதைவேலையும் குழிவுகளும் வெறும் ஒப்பனையல்ல. ஓசையைச் சிதறடித்துப் பரப்பும் தொழிலை அவை செய்கின்றன. வழவழப்பான சுவர் கண்ணாடி போல ஓசையை ஒரே திசையில் திருப்பிவிடும். மண்டபம் நீள்சதுரமாய், உயரம் மிகுந்து, அகலம் அடங்கி இருப்பதையும் காண்க. பக்கச் சுவர் அருகில் இருப்பதால், அதில் பட்ட ஓசை விரைந்து நம்மை எட்டி, இசை நம்மைச் சூழ்ந்துகொண்டது போன்ற உணர்வைத் தருகிறது. 1870-இல் திறந்த வியன்னா மண்டபமும், சேபினின் ஆலோசனையோடு 1900-இல் திறந்த பாஸ்டன் மண்டபமும் இவ்வடிவின. நம் சிலப்பதிகார ஆசிரியரும் அரங்கேற்று காதையில் நீளம் எட்டுக்கோல், அகலம் ஏழுகோல் என அரங்குக்கு அளவு வகுத்தார்; அளவின்றி அரங்கில்லை என்பதை வகுப்பில் அவ்விடத்து ஒருமுறை சுட்டலாம்.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் முதலில் தம் வகுப்பறையிலேயே ஒரு சோதனை செய்துகொள்வது நல்லது. பிள்ளைகளை வெளியே நிறுத்தி, வெற்றறையில் ஒருமுறை ஓங்கிக் கைதட்டுக. இரண்டு பிள்ளைகள் மட்டும் உள்ளே நின்று கேட்கட்டும். பின் அனைவரையும் உள்ளே அமர்த்தி மீண்டும் தட்டுக. முன்னதன் நீட்சியும் பின்னதன் சுருக்கமும் அவ்விரு பிள்ளைகளுக்கும் புலப்படும். எங்கள் தோட்டப் பள்ளி மண்டபத்தில் தகரக் கூரைமேல் மழை பெய்யும்போது இச்சோதனை நடவாது. நல்ல வெயில் நாளைத் தேர்ந்துகொள்க. இசை மண்டபத்தில், மேனாட்டு இசை ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் நிற்கும். அங்குக் கைதட்டும் வழக்கமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுக. முழுவதும் முடிந்தபின்னும் கலைஞர் வில்லைத் தாழ்த்தும்வரை கைகளை மடியிலேயே வைத்திருக்கச் செய்க. கடைசி ஓசை கூரையில் தேய்ந்து மறைவதை அப்பொழுதுதான் அவர்கள் கேட்பார்கள்.