யார் அதிக நேரம் உட்காருகிறார்கள்?

கோபிசெட்டிபாளையத்தின் பழைய ஜவுளிக் கடைகளில் நாற்காலி என்ற பேச்சே கிடையாது. தரையில் மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. கடைக்காரர் சம்மணமிட்டுப் புடவையை விரிப்பார். வாங்க வந்த குடும்பம் எதிரில் பவானி ஜமக்காளத்தில் உட்கார்ந்து முந்தானையைத் தடவிப் பார்க்கும். ஓரத்தில் சாய்வு மேஜை முன்னால் கணக்குப்பிள்ளை. அவர் முதுகும் வளைந்துதான் இருந்தது. ஆனால் சரக்கு வந்தால் எழுந்து போய் எண்ணுவார், வசூலுக்குச் சைக்கிளை எடுப்பார். ஒரே இருப்பில் அரைநாள் உட்காரும் வேலை அப்போது அவருக்கு இல்லை.

நாற்காலி பரவியது கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகங்கள் வழியாக. தேக்குச் சட்டத்தில் பிரம்பு பின்னிய இருக்கை, சித்திரை வெயிலிலும் காற்று ஓடும். பிரம்பு தொய்ந்தால் பார்வையற்ற தொழிலாளர்கள் புதிதாகப் பின்னித் தருவார்கள். சட்டம் தலைமுறை கடந்தும் நிற்கும். 1994-ல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் பஞ்சு மெத்தையை விட்டுவிட்டு வலை கட்டிய ‘ஏரான்’ நாற்காலியைக் கொண்டுவந்தது. காற்றோடும் இருக்கையின் அருமை நம் தாலுகா ஆபீஸ்களுக்கு எப்போதோ தெரியும்.

ஆனால் அந்தப் பிரம்பு நாற்காலி பதவியையும் சொன்னது. கை வைத்து, முதுகில் துண்டு போட்டது அதிகாரிக்கு, கையில்லாதது குமாஸ்தாவுக்கு, பியூனுக்கு ஸ்டூல். இந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இன்று கணக்குப்பிள்ளையின் இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு பெண். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு, மாதத்தின் 20-ம் தேதி நெருங்கினால் கணக்கு எழுதும் அலுவலகங்களில் யாரும் எழுந்திருப்பதில்லை. உள்ளறையில் முதலாளிக்கு உயர்ந்த முதுகு வைத்த சுழல் நாற்காலி இருக்கும். பாதி நாள் அவர் வெளியில் இருப்பார். பகல் முழுக்க உட்காருகிறவருக்கு பிளாஸ்டிக் சேர். அதன் முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும், கால் தரைக்கு எட்டாது. பழைய லெட்ஜர் கட்டு ஒன்றைக் காலடியில் போட்டுக்கொள்வார். அந்தக் கட்டு சொல்கிறது, அந்த நாற்காலி அவர் உடம்புக்கு எடுத்ததல்ல என்று.

நம் மக்களின் உடல் அளவுகளைத் தொகுத்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே தேபகுமார் சக்ரவர்த்தியின் நூலை வெளியிட்டது. ஆனாலும் கடையில் விலைச்சீட்டைத்தான் முதலில் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது வேறு. பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும். இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். இடுப்பு வளைவைச் சாய்மானம் தாங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் மேஜைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். முழங்கை அந்த மட்டத்துக்கு வர நாற்காலியை ஏற்றினால் கால் தொங்கும். அப்போது ஒரு கால்பலகை வேண்டும். தச்சரிடம் சொன்னால் சாய்வாக அடித்துத் தருவார். முக்கியமாக, யார் உட்காரப் போகிறாரோ அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். எவ்வளவு நல்ல நாற்காலியாக இருந்தாலும் இடையிடையே எழுந்து நடக்கத்தான் வேண்டும். பழைய கணக்குப்பிள்ளைக்கு வேலையே அதைச் செய்துகொடுத்தது.

ஜவுளிக் கடையில் கதை தலைகீழ். மெத்தை போய்க் கண்ணாடி கவுண்டர் வந்ததும், உட்கார்ந்து விற்றவர்கள் நின்று விற்கத் தொடங்கினார்கள். கால் வீங்க நிற்கும் அந்த வாழ்க்கையை 2010-ல் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் தமிழ்நாட்டுக்கே காட்டியது. கேரளம் 2018-ல் கடை ஊழியருக்கு இருக்கை தரச் சட்டம் செய்தது. தமிழ்நாடு 2021-ல் தன் 1947-ம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்றது.

கவுண்டருக்குக் கீழே ஒரு குட்டை ஸ்டூலைத் தள்ளிவிட்டால் சட்டம் நிறைவேறிவிடாது. அதில் உட்கார்ந்தால் வருகிறவர் முகம் தெரியாது, தெரியாததால் யாரும் உட்கார மாட்டார்கள். கவுண்டர் உயரத்துக்கு ஏற்ற, கால் வைக்க வளையம் உள்ள உயர ஸ்டூல் போட வேண்டும். அதிலிருந்தபடியே ‘வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?’ என்று கேட்கலாம். உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலாளி முகம் சுளிக்காமலும் இருக்க வேண்டும்.