சீயக்காய் மூட்டையைப் பின்கட்டில் தள்ளலாமா?

தலைக்குத் தேய்க்க ஏதாவது கொடுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டால், கல்லாவுக்கு மேலே சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறோம். சீயக்காய் மூட்டை பின்கட்டில் தூசி படிந்து கிடக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் அதன் வாய் பிரிகிறது. ஆனால் சரக்கைப் பார்த்து வாங்கத் தெரிந்த மளிகை வியாபாரிக்குத் தன் கைத்திறமையைக் காட்ட இடம் தரும் சில பொருள்களில் சீயக்காயும் ஒன்று.

மலையிலிருந்து வரும் சரக்கு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை நம்மில் பலர் மிளகு, காப்பி, பலா, அன்னாசி, வாழை ஆகியவற்றுக்காக அறிவோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் செம்மேட்டுக்குச் செல்ல வேண்டும். அந்த மலையின் காடுகளில் முள் நிறைந்த பெருங்கொடியாகப் படர்வது சீயக்காய். தை முதல் பங்குனி வரை காய் பறிப்புக் காலம். முள்ளுக்குள் கைவிட்டுப் பறித்து, வெயிலில் உலர்த்திச் சுமந்து வருபவர்கள் மலையாளி பழங்குடி மக்கள்.

மலையடிவாரத்துச் சமவெளியில் இதே வேலைக்கு அரப்பு இருக்கிறது. உசிலை மரத்து இலையை நிழலில் உலர்த்தி இடித்த பொடிதான் அது. சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் இன்றும் அரப்பைக் கேட்டு வாங்குகிறார்கள். சீயக்காய்க்கும் அரப்புக்கும் அழுக்கை அகற்றும் குணத்தைத் தருவது 'சப்போனின்' என்ற இயற்கைப் பொருள். இது ஷாம்பு போலப் பொங்கி நுரைக்காது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடும்.

பாக்கெட் கற்றுக்கொடுத்த பாடம்

ஷாம்பு நம் கடைக்குள் எப்படி நுழைந்தது என்பதை எண்ணிப் பார்ப்போம். பாட்டில் ஷாம்பு வசதி உள்ளவர்களின் பொருளாக இருந்தபோது, அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்புவைக் கொண்டுவந்தார். காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்ற திட்டம் சிற்றூர்ப் பெட்டிக்கடைவரை அவருக்கு வழி திறந்தது. சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு தலைக்குளியலுக்கு வேண்டிய அளவை ஏழையின் கைக்காசுக்கு எட்டும்படி கொடுக்கவும் வேண்டும் என்பதே அதில் உள்ள பாடம்.

வரியும் இப்போது ஷாம்புவுக்குச் சாதகமாகிவிட்டது. 2017 ஜூலையில் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., அதே ஆண்டு நவம்பரில் 18 ஆகி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. எனவே விலையில் மட்டும் போட்டி போட்டுச் சீயக்காயை விற்க முடியாது. தரமும் நம்பிக்கையும்தான் அதை விற்க வேண்டும்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

காயாக வாங்குவதே நல்லது. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. காயில் எல்லாம் தெரியும். நல்ல காய் செம்பழுப்பு நிறத்தில், தோல் சுருங்கி, ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் போகவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட மூட்டை இரண்டு மழைக்குள் பூசணம் பிடிக்கும், எடையும் இறங்கும். விதையில் துளை இருந்தால் வண்டு விழுந்திருக்கிறது. மூட்டையின் அடியில் கைவிட்டுப் பார்த்து, காம்பும் மண்ணும் எவ்வளவு என்று அறிந்த பிறகே விலை பேச வேண்டும். கடையில் தரைமீது வைக்காமல் பலகை போட்டு அடுக்க வேண்டும்.

விற்பனைக்கு ஒரு வழி

சீயக்காயை மட்டும் நிறுத்துக் கொடுக்காமல், வீட்டுக் கூட்டாகவே கட்டிக் கொடுக்கலாம். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், 100 கிராம் பூலாங்கிழங்கு, ஒரு பிடி உலர்ந்த எலுமிச்சைத் தோல், கொஞ்சம் வெட்டிவேர் என்பது பல வீடுகளில் வழக்கமான அளவு. நுரை வேண்டுவோருக்குப் பூந்திக்கொட்டை சேர்க்கலாம். இப்படிக் கட்டினால் ஒரு பொருள் கேட்டு வந்தவருக்கு ஐந்து பொருள் விற்பனையாகிறது. சிறு குடும்பத்துக்குக் கால் கிலோ கூட்டும் கட்டி வைக்கலாம்.

மாவு அரைக்கும் மில்லில் சீயக்காய் அரைக்க மாட்டார்கள். அதற்குத் தனி இயந்திரம் உள்ள மில் எது என்று அறிந்து சொல்வதும் நம் சேவையே. பொடி கண்ணில் பட்டால் எரியும், மூக்கில் ஏறினால் தும்மல் வரும் என்பதையும், கரைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

நாமே அரைத்துச் சொந்தப் பெயரில் பாக்கெட் போடுவது வேறு தொழில். அழகுசாதனப் பொருள் தயாரித்து விற்க மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். பாக்கெட்டின் மேல் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத பொடியை வாங்கி அடுக்கி, பிறகு எடையளவு அதிகாரி முன் கைகட்டி நிற்க வேண்டாம்.

மலையில் பறித்தவருக்கு என்ன?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் மலைவாழ் மக்களுக்கு உரிமை அளித்திருக்கிறது. அவர்களுக்கென்றே 'லேம்ப்' எனப்படும் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மகளிர் குழுவினர் சாமை, தினை போன்ற சிறுதானியங்களை மலையிலேயே சுத்தம் செய்து, மதிப்புக் கூட்டி விற்றுக் காட்டினார்கள். மலையில் தரம் பிரித்து உலர்த்திய காய்க்கு நாம் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தால் நஷ்டம் இல்லை. சேதாரத்தில் போவது அதைவிட அதிகம். விலை கட்டாது என்று அவர்கள் பறிப்பதை நிறுத்திவிட்டால், கலப்படப் பொடியைத் தவிர நம்மிடம் விற்க எதுவும் மிஞ்சாது.

வரும் தை மாதக் கொள்முதலுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஒரு மூட்டை நல்ல காயை, வாய் பிரித்து, கடை முகப்பில் வையுங்கள். கேட்டு வாங்கிப் போகிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.