செய்தி எது? விளம்பரம் எது?

காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் பறந்த கொடிகளை வகைவகையாகக் காட்டுகிறது. வாதிட அழைக்கும் நல்லாசிரியர்கள் உயர்த்திய கொடி ஒன்று. கள் விற்கும் கடையில் கட்டிய கொடி வேறொன்று. கற்றவர் கொடியும் விற்பவர் கொடியும் அங்குத் தனித்தனியே கூறப்படுகின்றன. இன்று உலகின் மிகப்பெரிய கடைத்தெரு இணையம். அதே தெருவில்தான் நூலகமும் செய்தித்தாளும் மருத்துவக் குறிப்பும் இருக்கின்றன. ஆனால், அங்குப் பறக்கும் கொடிகள் ஒன்றைப்போலவே மற்றொன்று தோன்றுகின்றன.

அச்சில் விழுந்த கோடு

விளம்பரத்தைச் செய்திபோல உடுத்திக் காட்டும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்கச் செய்தித்தாள்கள் சில, பணம் பெற்றுக்கொண்டு வெளியிட்டவற்றைத் தம் சொந்தச் செய்திகளைப்போலவே அச்சிட்டு வந்தன. 1912ஆம் ஆண்டு அந்நாடு இயற்றிய சட்டம், சலுகை அஞ்சல் கட்டணத்தில் செல்லும் இதழ்கள் பணம் பெற்று வெளியிடும் பகுதிகளை 'விளம்பரம்' என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்றது. இதழாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 1913இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நாளிதழில் ஒரு கட்டத்துக்குள், சற்றே மாறுபட்ட எழுத்துருவில், ஓரத்தில் 'விளம்பரம்' என்ற சொல்லோடு வரும் பகுதியைத் தமிழ் வாசகரும் அறிவர்.

பதாகை மறைந்த கதை

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்னும் இணைய இதழில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் பதாகை விளம்பரம் வெளியானது. இணையத்தின் முதற் பதாகை விளம்பரங்களுள் ஒன்றாக அது நினைவுகூரப்படுகிறது. பக்கத்தில் நீண்ட பட்டையாக, வண்ண எழுத்துகளோடு, கடைமுகப்புப் பலகையைப்போல அது நின்றது. அதை எவரும் கட்டுரை என்று மயங்கியிருக்க இயலாது.

நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு விந்தை புலப்பட்டது. 1998இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், வலைப்பக்கத்தில் ஏதேனும் ஒரு தகவலைத் தேடுவோர் பளிச்சென்ற பதாகைகளைக் காணாமலே கடந்துவிடுகின்றனர் என்று கண்டனர். தேடிய தகவல் அந்தப் பதாகையிலேயே இருந்தபோதும் கண் அதைத் தவிர்த்தது. மிகுதியாகத் தெரிந்ததே தெரியாமற்போனது! கண்ணுக்குப் படாத விளம்பரத்துக்கு யார் பணம் தருவார்? ஆகவே விளம்பரம் தன் பகட்டு உடையைக் களைந்து, பக்கத்தின் பொது உடையை அணியத் தொடங்கியது. கட்டுரையின் எழுத்துரு, கட்டுரையின் தலைப்பு நடை, கட்டுரையின் படம் ஆகிய அனைத்தும் அதற்கும் வாய்த்தன.

தேடுபொறியில் இம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. கூகுள் 2000ஆம் ஆண்டு தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. பல ஆண்டுகள் அதன் தேடல் பக்கத்தின் மேற்பகுதி விளம்பரங்கள் வண்ணப் பின்புலத்தில் அமைந்திருந்தன. 2013இல் அப்பின்புலம் நீங்கி, மஞ்சள் நிறச் சிறு சொற்கட்டம் வந்தது. 2016இல் அது பச்சையாயிற்று. முடிவுகளின் முகவரி வரியும் அதே பச்சை. 2020 தொடக்கத்தில் கணினித் திரையில் கறுப்பு எழுத்துக் குறி மட்டும் எஞ்சியபோது, விளம்பரத்தையும் முடிவையும் பிரித்தறிய இயலவில்லை என்று எதிர்ப்பு எழுந்தது; நிறுவனம் அவ்வடிவத்தை மறுபரிசீலனை செய்தது. ஒவ்வொரு மாற்றமும் தனியே பார்த்தால் சிறியது. அடுக்கிப் பார்த்தால், அகன்ற வரப்பு ஆண்டுக்காண்டு தேய்ந்த கதை அது.

இது வெறும் அழகியல் சிக்கலன்று. கடனுக்கோ மருத்துவத்துக்கோ வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கோ ஒருவர் திறன்பேசியில் தேடுகிறார். சிறிய திரையின் முதற்காட்சி முழுவதும் விளம்பரமாகவே அமைந்துவிடலாம். முதலில் நிற்பது தகுதியால் நிற்கிறது என்று அவர் கருதுகிறார். அது பணத்தால் நிற்கிறது.

பெயர்ச்சீட்டு மட்டும் போதுமா?

2013 சனவரியில் 'தி அட்லாண்டிக்' என்னும் புகழ்பெற்ற அமெரிக்க இதழின் தளத்தில் சயின்டாலஜி அமைப்பின் புகழுரை ஒன்று கட்டுரை வடிவில் வந்தது. அது விளம்பரதாரர் வழங்கியது என்ற குறிப்பும் மேலே இருந்தது. எனினும் வாசகர் சினந்தனர். இதழ் சில மணி நேரத்துக்குள் அதை நீக்கி, வருத்தம் தெரிவித்தது. 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், ஆதரவாளர் உள்ளடக்கம் என்று குறிக்கப்பட்ட விளம்பரத்தை நடுநிலைப்பள்ளி மாணவருள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உண்மைச் செய்தி என்றே எண்ணினர். குறி இருந்தது, பொருள் சென்று சேரவில்லை. 'ஆதரவு', 'வழங்குபவர்', 'கூட்டு முயற்சி' போன்ற மென்சொற்கள் 'விளம்பரம்' என்னும் நேர்ச்சொல்லின் வேலையைச் செய்வதில்லை. செய்ய வேண்டும் என்ற விருப்பமும் அவற்றைத் தேர்ந்தவர்க்கு இருந்ததா என்பது ஐயமே.

இதழாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. வாசகர் கட்டணமின்றிப் படிக்கும் பக்கங்களுக்கு விளம்பரமே சோறு போடுகிறது. வேறுபடுத்திக் காட்டினால் கண் விலகுகிறது. கண் விலகினால் வருவாய் குறைகிறது. ஆனால், அடையாளம் தெரியாதவரைதான் ஒரு விளம்பரம் பயன்படும் என்றால், அது விற்பது பொருளை மட்டுமன்று. அருகிலிருக்கும் செய்தியின் மீது வாசகர் வைத்த நம்பிக்கையையும் சேர்த்தே விற்கிறது. அந்த நம்பிக்கை தீர்ந்தபின் செய்தியும் விலைபோகாது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2023 நவம்பர் 30 அன்று ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் நெறிமுறைகள் அறிவிக்கப்பட்டன. அவை பட்டியலிடும் பதின்மூன்று உத்திகளுள் மாறுவேட விளம்பரமும் ஒன்று. பயனர் எழுதியதுபோலவோ செய்திபோலவோ தோன்றிச் சொடுக்கத் தூண்டும் விளம்பரம் இதனுள் அடங்கும். இந்திய விளம்பரத் தர அமைப்பும் 2021இல், சமூக ஊடகச் செல்வாக்காளர்கள் பணம் பெற்ற பதிவை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்று நெறி வகுத்தது.

எவ்வாறு குறிப்பது என்பதில்தான் நுட்பம் உள்ளது. பக்கத்தின் உச்சியில் இட்ட குறி, விரலால் தள்ளியதும் மேலேறி மறைந்துவிடும். பகிரப்படும் இணைப்பில் தலைப்பும் படமும் செல்லும். குறி உடன் செல்லாமற்போகலாம். பின்புல வண்ணம் பார்வையுடையோருக்குப் பயன்படும். நிறக்குருடு உடையோருக்கு அது ஐயத்துக்குரியது. பார்வையற்றோரோ திரைவாசிப்பான் உரக்கப் படிக்கும் சொற்களைக் கேட்டே பக்கத்தை அறிகின்றனர். கட்டம், கோடு, வண்ணம் எதுவும் அவர்கள் காதுக்கு எட்டாது. விளம்பரம் தொடங்குமுன் 'விளம்பரம்' என்ற சொல் எழுத்தாக அங்கு இருந்தால் மட்டுமே, அடுத்து ஒலிக்கும் குரல் யாருடையது என்பது அவர்களுக்குத் தெரியும்.