குதிரைக் காலுக்கு ஒரு கட்டு

மலைப்பாதையில் கூர்ங்கல் கிழித்து, குதிரையின் முன்னங்காலில் இரத்தம் வழிகிறது. மருத்துவர் வெகுதொலைவில். கையில் இருப்பவை துணியும் கயிறும். எதை எடுப்பீர்கள், மாணவர்களே?

கயிறு வேண்டாம்! ஓரலகுப் பரப்பில் செயற்படும் விசையே அழுத்தம். 1 செ.மீ. அகலக் கயிற்றை இழுக்கும் அதே விசையால் 10 செ.மீ. அகலத் துணியைச் சுற்றினால், அழுத்தம் பத்தில் ஒரு பங்கே. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை. தோலை அடுத்துத் தசைநாண்களே உள்ளன. கயிறு அவற்றை நசுக்கினால் குதிரை நொண்டியாகிவிடலாம்.

துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். எடுத்தால் உறையும் இரத்தம் கலைந்துவிடும். நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி வைத்து, அகலமாகச் சுற்றுங்கள். 500 கிலோகிராம் குதிரைக்குச் சுமார் 40 லிட்டர் இரத்தம் உண்டு, பதற வேண்டாம். ஆனால் தோள்பக்கமாகவே நில்லுங்கள். வலி கண்ட குதிரை உதைக்கும்!