இரண்டு பக்கெட், ஒரு மூட்டை சருகு

அடுக்ககச் சங்கக் கூட்டங்களில் தண்ணீர், பார்க்கிங், பராமரிப்புக் கட்டணம் மூன்றுக்கும் அடுத்தபடியாகக் குரல் உயர்வது குப்பையைப் பற்றித்தான். தொட்டி வழிகிறது, நாய் இழுத்துப் போடுகிறது, லிஃப்டில் நாற்றம், யாரோ பையைக் கட்டாமலே வைத்துவிட்டுப் போகிறார்கள். புகார்கள் பலவானாலும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சமையலறைக் கழிவின் ஈரம் மற்றதோடு கலந்துவிடுகிறது.

நம் ஊர்க் குப்பையில் எடைக்கணக்கில் பாதிக்குமேல் காய்த்தோல், மீந்த சோறு, டீத்தூள் சக்கை, வாடிய பூ போன்ற மக்கும் பொருள்கள். தனியாக இருந்தால் அவை உரம். மீதியில் பேப்பர், அட்டை, பாட்டில், தகரம் எல்லாம் காய்ந்திருந்தால் காசு. இரண்டையும் ஒரே கறுப்புப் பையில் கட்டியதும் இரண்டுமே கெடுகின்றன. சாம்பார் ஊறிய அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். பாலிதீன் துணுக்கு கலந்த காய்த்தோலைச் செடிக்குப் போட முடியாது. பிறகு பிரித்துக்கொள்ளலாமே என்றால், பிரிக்கலாம்தான். ஒரு தூய்மைப் பணியாளர் அதைக் கையால் கிளறிப் பிரிக்கவேண்டியிருக்கும்.

பிரிக்காதது கிடங்குக்குப் போகிறது. சென்னைக்கு அந்தக் கிடங்குகள் பெருங்குடியும் கொடுங்கையூரும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. குப்பைமேட்டின் ஆழத்தில் காற்றுப் புகாது. அங்கே அழுகும் சோறும் காய்கறியும் மீத்தேனை வெளியிடுகின்றன. மீத்தேன் எரியும் வாயு. கூடவே ஊறி இறங்கும் கறுப்புச் சாறு நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்தெடுக்கும் பயோமைனிங் வேலைக்கு மாநகராட்சி கோடிக்கணக்கில் செலவழிக்கவேண்டி வந்தது. அவரவர் வீட்டில் அன்றன்றே செய்திருந்தால் ஒரு நொடி வேலை.

சட்டமும் இதைத்தான் சொல்லியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. படித்தவர்கள் குறைவு.

"நாம் பிரித்துக் கொடுத்து என்ன? எப்படியும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" என்ற கேள்வி எல்லா வளாகத்திலும் வரும். சில இடங்களில் அப்படி நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பதில் பிரிப்பதை நிறுத்துவதல்ல, ஈரக் குப்பையை வண்டிக்கே கொடுக்காமல் இருப்பது. ஈரம் இல்லாத குப்பை வண்டியில் கலந்தாலும் அழுகாது. பிறகும் பிரித்து எடுக்கலாம்.

வீட்டுக்கு இரண்டு பக்கெட், ஒரு சின்னப் பெட்டி. பச்சை பக்கெட்டில் ஈரக் குப்பை. அதற்குள் பிளாஸ்டிக் பை போடாதீர்கள். அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் போதும், தாளும் சேர்ந்து மக்கும். நீல பக்கெட்டில் உலர்ந்தது. பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக நறுக்கிவிடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறுங்கள். அந்தக் குட்டித் துணுக்கை எந்த மறுசுழற்சி ஆலையும் பிடிக்க முடியாது, அது நேராகச் சாக்கடைக்குப் போகும். கவரை ஒரு தரம் அலசிக் காயவைத்துச் சேர்த்தால் எடைக்குப் போட்டுவிடலாம். சிப்ஸ் பாக்கெட் அப்படியல்ல. பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியது; பிரிக்க முடியாததால் பழைய சாமான் கடையில் அதற்கு விலை கிடையாது. அதற்கு ஒரே நல்ல வழி குறைவாக வாங்குவதுதான்.

நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய புள்ளி வையுங்கள். எடுப்பவர் பிரித்துப் பார்க்காமல் ஒதுக்குவார். சின்னப் பெட்டி அபாயப் பொருள்களுக்கு: காலாவதியான மாத்திரை, பேட்டரி, பாதரசம் உள்ள சிஎஃப்எல் விளக்கு. இன்சுலின் ஊசியைக் கெட்டியான பாட்டிலில் போட்டு மூடி, அந்தப் பெட்டியிலேயே சேருங்கள். உடைந்த கண்ணாடியும் பிளேடும் தாளில் சுற்றாமல் போகக் கூடாது. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் குப்பையையும் தனியே கட்டுங்கள். சென்னையில் அதைத் தனியாகச் சேகரித்து கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளைக் கையாளும் இடத்துக்கு அனுப்புகிறார்கள்.

இனி உரம். வளாகங்கள் ஆர்வமாகத் தொடங்கி மூன்றே மாதத்தில் மூட்டைகட்டி வைப்பது இங்கேதான். வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ ஈரக் குப்பை என்று வைத்துக்கொண்டால் நூறு வீட்டுக்கு 50 கிலோ. அதை அப்படியே தொட்டியில் கொட்டி மூடினால் இரண்டாம் நாளே நாறும். பொதுவாக எல்லாரும் குற்றம் சொல்வது தொட்டியை. உண்மையில் குறைவது சருகு.

காய்கறிக் கழிவில் தண்ணீரும் நைட்ரஜனும் மிகுதி. காய்ந்த இலையில் கார்பன் மிகுதி. மக்கவைக்கும் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும். தராசு தேவையில்லை: ஒரு பக்கெட் ஈரக் குப்பைக்கு ஒன்று முதல் இரண்டு பக்கெட் சருகு. சருகு ஈரத்தை உறிஞ்சும், இடையில் காற்றுக்கு வழிவிடும். காற்று இருந்தால் அழுகாது, மக்கும். தொட்டிக்குள் சூடு 55 டிகிரியைத் தாண்டும். கை வைத்தாலே தெரியும். களை விதைகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். வாரம் ஒருமுறை கிளறவேண்டும். தொடக்கத்தில் புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்தால் வேலை சீக்கிரம் சூடுபிடிக்கும்.

ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை, கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் நைட்ரஜன் மிகுதி, மறுபடியும் சருகு. நெளியும் பெரிய சாம்பல் நிறப் புழுக்களைப் பார்த்துப் பலர் அலறுவார்கள். அவை பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று தீர்ப்பவை, கடிக்காதவை. ஆனால் அவை பெருகினால் ஈரம் கூடுதல் என்று பொருள். மீன் முள்ளும் கோழி எலும்பும் போடலாமா? வளாகத்தின் பெரிய தொட்டியில் நடுவில் புதைத்துச் சருகால் மூடினால் சிறிதளவு பரவாயில்லை. பால்கனிப் பானையில் வேண்டாம், எலி வரும். தேங்காய் மட்டை, மாங்கொட்டை லேசில் மக்காது.

சென்னையில் வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கின்றன. சருகு அதிகம் தேவைப்படுவதோ எல்லாமே நனைந்து கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில். இந்த எட்டு மாத இடைவெளியைப் புரிந்துகொண்ட வளாகம்தான் தப்பிக்கும். அதற்கு ஒரு கொட்டகையும் சில சாக்குகளும் போதும். ஆனால் நடப்பது வேறு. உதிரும் நேரத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள், திறந்தவெளியில் குப்பை எரிப்பது விதிப்படி குற்றம் என்றபோதும். பிறகு மழைக்காலத்தில் தென்னை நார்க்கழிவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

குறைப்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. வளாகமாகச் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். சங்கப் பணத்தில் நூறு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி வையுங்கள். பிறந்தநாள், பொங்கல் விழா, வளைகாப்பு என எதற்கும் வீட்டார் எடுத்துப்போய்க் கழுவித் திருப்பட்டும். ஒரே மாலையில் குவியும் காகிதத் தட்டும் கப்பும் இல்லாமல் போகும்.

கடைசியாக, 24 மணி நேரத்தில் உரம் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் விற்கும் இயந்திரங்கள். அவற்றில் பல, குப்பையை அரைத்துச் சூடாக்கி உலர்த்துகின்றன, அவ்வளவே. வெளிவரும் பொடியில் தண்ணீர் பட்டால் மறுபடி அழுகத் தொடங்கும். மக்குவதற்கு ஆறேழு வாரம் ஆகத்தான் செய்யும். ஆகவே அடுத்த கூட்டத்தில் இயந்திரத்துக்கு விலை விசாரிக்கும் முன், வளாகத்தைப் பெருக்குபவரிடம் சருகை எரிக்காமல் சாக்கில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். தொட்டியைக் கிளறுவதும் அவர்தான் என்றால் அதற்குக் கையுறையும் தனிச் சம்பளமும் அதே கூட்டத்தில் தீர்மானியுங்கள்.