பம்ப் வாங்குமுன் பத்து நிமிடம்

கரையோரத்தில் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடை நடத்துகிறேன். "எண்ணெய் இழுக்குதில்ல நானா, புதுப் பம்ப் ஒன்று தாங்க" என்று வருபவர்கள் அதிகம். விற்றால் எனக்கு இலாபம்தான். ஆனால் கோளாறு வேறிடத்தில் இருந்தால், அவரது பணமும் அன்றைய தொழிலும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே முதலில் கேட்பேன்: எஞ்சின் திடீரென நின்றதா, தடுமாறித் தடுமாறி நின்றதா? திடீரென்றால் பெரும்பாலும் ஸ்பார்க் கோளாறு. தடுமாறினால் எரிபொருளைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, ஹோஸின் நடுவிலுள்ள றப்பர் குமிழைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அது சப்பையாகிவிட்டால், தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் மூடியிருக்கலாம். தாங்கிக்குள் உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கலாம். எவ்வளவு அமுக்கியும் குமிழ் இறுகாவிட்டால், ஹோஸ் பொருத்துகளில் காற்றுப் புகுகிறதா, குமிழின் வால்வு பழுதா என்று பாருங்கள். தடுமாறும் நேரத்தில் குமிழை அமுக்க வேகம் மீண்டால், பில்டரைக் கழற்றுங்கள். அதில் அழுக்கோ தண்ணீரோ தேங்கியிருக்கலாம். இவையெல்லாம் சரியென்றால் மட்டுமே பம்பில் கை வைக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதைப் படகுக்காரர்கள் மறக்கவில்லை. எண்ணெய்ச் செலவே முதுகை முறிக்கும்போது, வேண்டாத பம்பை அவர்கள் தலையில் கட்டுவது வியாபாரமல்ல. இன்று ஒரு பொருத்துவளையம் மட்டும் வாங்கிச் சென்றவர், நாளை ஹோஸுக்கும் பில்டருக்கும் நம்மையே தேடி வருவார். நம்பிக்கைதான் கடையின் முதல்.